ஒரே சவுட்டு

ஒரே ஒரு பொத்தானை மட்டும் அமுக்கி ஒரு தெருவுக்கே ரத்தக்கொதிப்பு வரவைத்த மனிதர் உலகத்தில் சவுட்டு அண்ணாச்சி ஒருவர்தான். வேறு யாரோ இருக்கிறார் என்று எவராவது சொன்னால் அவரைக் கோட்டாறுக்குக் கூட்டி வாருங்கள், நேருக்கு நேர் பேசித் தீர்த்துக்கொள்வோம்.

எங்கள் பக்கத்தில் காலால் மிதித்தாலும் சவுட்டு, உதைத்தாலும் சவுட்டு. அண்ணாச்சிக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எனக்குத் தெரியாது. கேட்கவும் தோன்றியதில்லை. தினமும் மத்தியானம் மூன்று மணிக்கு என் காலை வாரிவிடுகிற மனிதரிடம் ஆதார் அட்டையா கேட்பார்கள்?

அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் காக்காவின் கேம் சென்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோட்டாறு கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடையின் மாடி. முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் காக்கா என்று கூப்பிடுவார்கள். அவர் எங்கள் எல்லோருக்குமே காக்கா. துபாயில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவர், மளிகைக் கடை வைக்கச் சொன்ன சொந்தக்காரர்களை எல்லாம் பகைத்துக்கொண்டு, பெரிய டிவி ஒன்றும் கேம் பெட்டி ஒன்றும் வாங்கி மாடியில் வைத்தார். அங்கே நாங்கள் ஆடியது, இரண்டு பேர் எதிரெதிரே நின்று அடித்துக்கொள்ளும் சண்டை விளையாட்டு. மூன்று சுற்று; இரண்டு சுற்றை எடுத்தவன் ஜெயித்தவன். ஜெயித்தவனுக்குச் சக்கரம் வைத்த நாற்காலி. தோற்றவன் எழுந்து ஜன்னலோரம் கிடக்கும் இரும்பு ஸ்டூலுக்குப் போக வேண்டும். மாடியின் சட்டம் அது ஒன்றுதான்.

அந்த நாற்காலியில் இரண்டு வருஷமாக உட்கார்ந்திருந்தவன் நான்.

அப்போது நான் இன்ஜினியரிங் முடித்துவிட்டு அரசுத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தேன். எழுதிக்கொண்டுதான் இருந்தேன், தேறவில்லை. வீட்டில் அப்பா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார். "அந்த ஆளு சாப்பிட்டாச்சா?" என்று அம்மாவிடம் கேட்பார், நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். ஆனால் மாடிப்படி ஏறினால் போதும், "மாஸ்டர் வந்தாச்சு, வழி விடுங்கலே" என்று என் சிநேகிதன் செல்வின் சத்தம் போடுவான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் தினமும் படி ஏறினேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த வயதில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு பட்டம்தான்.

சும்மா வந்த பட்டமும் இல்லை. அந்த விளையாட்டில் ஒரு ஆளுக்கு நாற்பது அடி. மேலே குத்து, பறந்து வெட்டு, சுழன்று உதை, பிடித்துத் தூக்கி எறிதல். நாற்பதையும் எந்தப் பொத்தானுக்குப் பிறகு எந்தப் பொத்தான் என்று நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தவன் நான். அதில் பாதி உழைப்பைப் பொது அறிவுக்குப் போட்டிருந்தால் இன்றைக்குத் தாசில்தாராக இருந்திருப்பேன் என்று அம்மா சொல்வாள். உண்மையாக இருக்கலாம்.

அப்படி இருக்கையில் ஒரு நாள் மத்தியானம் படியில் தேங்காயெண்ணெய் வாசம் ஏறி வந்தது. அதற்குப் பின்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு மனிதர் வந்தார். மடித்துக் கட்டிய கைலி, தோளில் ஈரிழைத் துண்டு, முழங்கை வரை சின்னச் சின்னத் தீப்புள்ளிகள். இரண்டு கடை தள்ளியிருந்த சிப்ஸ் கடையின் மாஸ்டர் அவர். காலை வறுவலுக்கும் சாயங்கால வறுவலுக்கும் நடுவில் ஒன்றரை மணி நேரம் அவருக்கு ஓய்வு.

"இது ஆரு வேணும்னாலும் களிக்கலாமா?" என்று விளையாட்டைக் காட்டிக் கேட்டார்.

"வாங்க அண்ணாச்சி, இரிங்க. மாஸ்டர் சொல்லித் தருவாரு" என்றான் செல்வின்.

அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். முதல் வேலையாக ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டினார். துண்டில் கையைத் துடைத்தார். ஆட்கள் வரிசையில் வெள்ளைத் தாடிக் கிழவன் ஒருவன் இருப்பான், யாரும் எடுக்க மாட்டோம், அவனை எடுத்தார். எந்தப் பொத்தான் எதற்கு என்று கேட்டார். நான் பெருந்தன்மையாக முதல் பொத்தானைக் காட்டி, "இது குனிஞ்சு கால்ல சவுட்டுக்கது. அடுத்தது..." என்று ஆரம்பித்தேன்.

"போதும். ஆட்டத்த தொடங்கு."

தொடங்கினேன். என் ஆள் பாய்ந்து போனான். கிழவன் குனிந்து ஒரு சவுட்டு. என் ஆள் விழுந்தான். எழுந்தான், குத்த ஓங்கினான். சவுட்டு. விழுந்தான். பறக்கலாம் என்று முழங்காலை மடக்கினான். சவுட்டு. நாற்பது அடி தெரிந்தவன் நாற்பது செகண்டில் தரையில் கிடந்தான். சரி, ஆட்டம் தெரியாதவருக்கு வருகிற அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். அன்று மட்டும் பதினோரு தடவை அந்த அதிர்ஷ்டம் வந்தது.

"அண்ணாச்சி, நீங்க ஒரே அடிய திரும்பத் திரும்ப அடிக்கீங்க."

"ஆமா."

"இதுல நாப்பது அடி இருக்கு."

"எனக்கு ஒண்ணு போதும். மிச்சம் முப்பத்தொம்பதயும் நீயே வச்சுக்கோ."

"இது ஆட்டமே இல்ல அண்ணாச்சி."

"அப்ப தடு. ஒரே அடி, அதும் வருமுன்னு தெரியும். தடுக்கதுக்கு என்ன கேடு?"

இந்தக் கேள்வியில்தான் என் வயிறு எரிந்தது. தடுக்கலாம்தான். குனிந்து உட்கார்ந்தால் அந்தச் சவுட்டு படாது. ஆனால் நான் குனிந்திருக்கும்போது அவர் அடிக்கவே மாட்டார். சும்மா நிற்பார். நான் அடிக்கலாம் என்று நிமிர்கிற அந்த நொடியில் கால் வந்துவிடும். முந்தியும் வராது, பிந்தியும் வராது. இத்தனைக்கும் அவர் டிவியைச் சரியாகப் பார்ப்பது கூடக் கிடையாது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தெருவில் போகிற ஆட்டோவை வேடிக்கை பார்த்துக்கொண்டே என்னைக் கொல்வார்.

ஒரு நாள் நானும் வீம்பாக, நிமிரவே மாட்டேன் என்று குனிந்தே உட்கார்ந்துவிட்டேன். அவரும் கிழவனைக் குனிய வைத்தார். இரண்டு ஆட்களும் எதிரெதிரே குத்தவைத்தபடி இருக்க, மேலே கடிகாரம் மட்டும் ஓடியது. உள்ளேயிருந்து வந்த காக்கா டிவியைப் பார்த்துவிட்டு, "என்னலே, ரெண்டுவேரும் வெளிக்கா இருக்கியோ?" என்று கேட்டார். நான் சிரித்து நிமிர்ந்தேன். சவுட்டு.

அதோடு பொறுமை போயிற்று. நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து மனு எழுதினேன். 'ஒரே அடியைத் தொடர்ந்து மூன்று முறைக்கு மேல் அடிக்கக் கூடாது.' ஒன்பது பேரிடம் கையெழுத்து வாங்கினேன். ஒன்பது பேரும் அவரிடம் விழுந்தவர்கள். காக்கா தாடியைத் தடவிக்கொண்டு யோசித்து, பிறகு அதைச் சுவரில் ஒட்டினார். என் வாழ்க்கையில் நான் எழுதி நிறைவேறிய ஒரே விண்ணப்பம் அதுதான்.

மறுநாள் அண்ணாச்சி வந்தார். தாளை எழுத்துக்கூட்டிப் படித்தார். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தோம்.

"இவ்வளவுதானா?" என்று கேட்டு உட்கார்ந்தார்.

சவுட்டு. சவுட்டு. சவுட்டு. அப்புறம் கிழவன் நின்ற இடத்திலேயே சும்மா ஒரு குதி குதித்தான். "குதிச்சாச்சு, எல்லாரும் பாத்துக்கிடுங்க" என்று அறிவித்தார் அண்ணாச்சி. மறுபடி சவுட்டு, சவுட்டு, சவுட்டு, ஒரு குதி. சட்டத்தை எழுதிய நான் ஸ்டூலுக்குப் போனேன். போகிற வழியில் என் கையெழுத்து சுவரில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த மாதம் முழுக்க ஸ்டூல்தான். அதைவிடக் கொடுமை ஒன்று நடந்தது. கீழே தெருவிலிருந்து யாரோ "மாஸ்டர்!" என்று கூப்பிட்டார்கள். நானும் திரும்பினேன், அவரும் திரும்பினார். சிப்ஸ் கடையிலிருந்து அவரைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். செல்வின் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதில் பரிதாபம் இருந்தது. மறுநாளிலிருந்து அவன் என்னை, தெருவில் எல்லோரையும் கூப்பிடுவதுபோல, மக்கா என்று கூப்பிட ஆரம்பித்தான்.

ஓணம் வந்தது. ஓணத்துக்கு முந்தின பத்து நாள் மலையாள எல்லையை ஒட்டிய எங்கள் ஊர் சிப்ஸ் கடைகளில் அடுப்பு அணையாது. அண்ணாச்சி மாடிக்கு வரவில்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன், வந்தவனை எல்லாம் அடித்தேன், நாற்பது அடியையும் அடித்தேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், உப்பில்லாத கஞ்சி போல இருந்தது. செல்வினைப் பறந்து வெட்டிவிட்டு ஜன்னல் பக்கம் பார்க்கிறேன், அங்கே யாரும் ஆட்டோவை வேடிக்கை பார்க்கவில்லை. எனக்கே என் மேல் கோபம் வந்தது.

ஏழாம் நாள் அம்மா சிப்ஸ் வாங்கி வரச் சொன்னாள். கடையின் முன்பக்கம் வாங்கியிருக்கலாம். நான் பின்பக்கம் அடுப்படிக்குப் போனேன்.

பெரிய உருளிச் சட்டி, கொதிக்கும் தேங்காயெண்ணெய். அண்ணாச்சி ஒரு கையில் சீவும் பலகையை எண்ணெய்க்கு மேலேயே பிடித்துக்கொண்டு, மறுகையால் ஏத்த வாழைக்காயைச் சர் சர்ரென்று இழுத்தார். வில்லைகள் நேராக எண்ணெயில் விழுந்தன. காய் மாற்றி, மறுபடி சர் சர். ஒரே இழுப்பு, ஒரே கனம்.

"அண்ணாச்சி..." என்று ஆரம்பித்தேன்.

"பேசாத. எண்ணெ பேசுகு."

ஒரு கரண்டி மஞ்சள் உப்புத் தண்ணீரை எடுத்து எண்ணெயில் ஊற்றினார். சட்டி ஓவென்று இரைந்தது. அவர் முகத்தைத் திருப்பி, வாசலில் நின்ற பூனையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரைச்சல் குறைந்தது, சலசலப்பானது, பிறகு எனக்கு எந்த வித்தியாசமும் தெரியாத ஏதோ ஒரு நொடியில் சல்லிக்கரண்டி உள்ளே போய் மொத்தத்தையும் அள்ளி வந்தது. பொன்னிறம். ஒன்று கூடக் கருகவில்லை.

"பாக்காமலே எப்படி அண்ணாச்சி?"

"பாத்தா பிந்திப் போவும் மக்கா. நெறம் மாறினத கண்ணு பாக்கதுக்குள்ள கரிஞ்சிரும். சத்தம் முந்திச் சொல்லும்."

எனக்கு உச்சந்தலையில் கொட்டு வைத்தது போல இருந்தது. அந்த விளையாட்டில் குனிந்த ஆள் நிமிரும்போது 'ஹே' என்று ஒரு மூச்சு விடுவான். பாயும்போதும் விடுவான், ஓங்கும்போதும் விடுவான். அண்ணாச்சி என்னைப் பார்த்து அடிக்கவில்லை. கேட்டு அடித்திருக்கிறார். ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டியது அதற்குத்தான்!

சிப்ஸ் வாங்க மறந்து வீட்டுக்குப் போய்ப் பேச்சு வாங்கினேன். பரவாயில்லை.

ஓணம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை காக்கா ஒரு போட்டி வைத்தார். ஜெயிக்கிறவர் படம் சட்டம் போட்டு மாடிச் சுவரில் தொங்கும். படத்துக்குக் கீழே 'மாஸ்டர்' என்று எழுதப்படும். ஒரே ஒரு ஆணிதான் அடித்திருந்தார். கடைசி ஆட்டம் நானும் அண்ணாச்சியும்.

முதல் சுற்று வழக்கம்போல. மூன்று சவுட்டு, ஒரு குதி, மூன்று சவுட்டு. இரண்டாவது சுற்று தொடங்கும் முன் நான் ரிமோட்டைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தத்தைக் குறைத்தேன். மாடியில் முப்பது பேர் கத்திக்கொண்டிருந்தார்கள், ஒருவனுக்கும் தெரியவில்லை. என் ஆள் நிமிர்ந்தான், கால் வரவில்லை. குத்தினான், கிழவன் தடுமாறினான். பிறகு வந்த சவுட்டு காற்றில் போயிற்று. அண்ணாச்சி முதல் தடவையாக ஜன்னலை விட்டுவிட்டு டிவியைப் பார்த்தார். கண்ணால் பார்த்து அடித்தார். எல்லாம் பிந்திப் போனது. இரண்டாவது சுற்று எனக்கு. மூன்றாவதும் எனக்கு.

செல்வின் என்னைத் தூக்கினான். "மாஸ்டர்! மாஸ்டர்!" என்று முப்பது பேரும் கத்தினார்கள். எத்தனை நாள் கழித்து! காது குளிர்ந்தது.

அண்ணாச்சி சண்டை போடவில்லை, முனகவும் இல்லை. எழுந்தார். கையிலிருந்த கன்ட்ரோலரைத் துண்டால் துடைத்து மேசையில் வைத்தார். பிறகு வலது காதில் விரலை விட்டு ஆட்டினார். இடது காதிலும் ஆட்டினார்.

"நல்லா தடுத்த மக்கா" என்றார். அப்புறம் காக்காவிடம் தணிந்த குரலில் கேட்டார்: "காதுக்கு டாக்டர் ஆரு உண்டு இங்க? ஓணத்துக்கு பத்து நாளு அடுப்புக் கிட்டயே நிண்ணது. ஒண்ணும் சரியா கேக்கல்ல கேட்டியளா. காது போச்சுண்ணா எண்ணெ சத்தம் எப்படித் தெரியும்? வேற ஒரு தொழிலும் எனக்குத் தெரியாதே."

சொல்லிவிட்டுப் படி இறங்கினார். வழக்கமாகத் தடதடவென்று இறங்குகிறவர், அன்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

செல்வின் தோளிலிருந்து குதித்தேன். ரிமோட்டைக் கையில் பிடித்தபடி ஓடினேன். பாத்திரக் கடை வாசலில், குடங்களுக்கு நடுவில் அவரை மறித்தேன்.

"அண்ணாச்சி, உங்க காதுக்கு ஒண்ணும் இல்ல. நான் சத்தத்த கொறச்சேன்." ரிமோட்டை நீட்டினேன்.

அவர் ரிமோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அடி விழும் என்று கன்னத்தைத் தயாராகவே வைத்திருந்தேன். அவர் பக்கத்திலிருந்த பித்தளைக் குடத்தை விரலால் சுண்டினார். ணங் என்றது. இன்னொன்றைச் சுண்டினார். அது வேறு ஒரு ணங். முகம் அப்படியே மலர்ந்தது.

"கள்ளப்பயலே! என் உயிரு போயிட்டு வந்துதுலே!" என்று என் கழுத்தைப் பிடித்தார். "நடலே மேல. சத்தத்த முழுசா கூட்டு."

மேலே போய் முப்பது பேர் முன்னால் நானே சொன்னேன். செல்வின் தலையில் கையை வைத்துக்கொண்டான். காக்கா சத்தத்தை முழுக்கக் கூட்டினார், பாத்திரக் கடைக்காரர் கீழேயிருந்து கத்துகிற அளவுக்கு. ஆடினோம். அண்ணாச்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்று சவுட்டு, ஒரு குதி, மூன்று சவுட்டு. இரண்டே சுற்று. நான் ஸ்டூலுக்கு நடந்தேன்.

அந்தப் படம் இன்றும் மாடியில் தொங்குகிறது. அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்து கேமராவைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்க்கிறார். பின்னால் நான் நிற்கிறேன். என் கையில் ரிமோட்டைக் கொடுத்து நிறுத்தியது காக்கா. அதுதான் தண்டனை என்றார். கீழே 'மாஸ்டர்' என்று எழுதியிருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் இந்த ரிமோட் பிடித்த ஆள் யார் என்று கேட்டால் செல்வின் முழுக் கதையையும் சொல்வான், ஒரு வரி விடாமல்.

இதனால் எல்லாம் நான் மாறிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். ஒரே அடியை அடித்து ஜெயிப்பது ஆட்டம் இல்லை. அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன், இந்தப் பத்திரிகையில் அச்சிலும் சொல்கிறேன். நாற்பது அடி எதற்கு வைத்திருக்கிறான்? சுவரில் ஒட்டிய என் மனுவைக் கிழிக்கச் சொல்லி எத்தனையோ பேர் கேட்டார்கள், நான் சம்மதிக்கவில்லை. அண்ணாச்சியும் சம்மதிக்கவில்லை. "கெடக்கட்டு. குதிக்கதுக்கு நல்லா இருக்கு" என்றார்.

இப்போது அவர் சார்ஜாவில் இருக்கிறார். அங்கே ஒரு மலையாளியின் கடையில் சிப்ஸ் வறுக்கிறார். வெள்ளிக்கிழமை மத்தியானம் அவருக்கு லீவு. நான் வீட்டிலிருந்தும் அவர் அறையிலிருந்தும் ஆன்லைனில் ஆடுவோம், காதில் ஹெட்போன் மாட்டிப் பேசிக்கொண்டே. அங்கேயும் அதே கிழவன், அதே சவுட்டு. என் மனு ஒட்டாத ஊரிலும் மூன்றுக்கு ஒரு குதி.

ஒரே ஒரு சங்கடம். இணையத்தில் சத்தம் அவருக்கு ஒரு நொடி பிந்திப் போய்ச் சேர்கிறது. அதனால் அந்தக் கால் பிந்தி வருகிறது. அந்த ஒரு நொடியில் நான் நாற்பதில் எதை வேண்டுமானாலும் அடித்து அவரை வாராவாரம் வீழ்த்தலாம். தொடையின் கீழ் ரிமோட் கூட வேண்டாம். நான் என்ன செய்கிறேன் என்றால், என் ஆளை நிமிர்த்தி, அவன் 'ஹே' என்றதும், அடிக்காமல் கொஞ்சம் நிற்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை ஹெட்போனில் குரல் கேட்டது.

"ஏலே, நீ நிக்கியா?"

"இல்ல அண்ணாச்சி. நெட்டு கொஞ்சம் பிந்துகு."

"நிக்காத, கேட்டியா. எனக்கு எவனும் விட்டுத் தரண்டாம். வந்து அடி."

"செரி அண்ணாச்சி" என்றேன். என் ஆள் நிமிர்ந்து ஹே என்றான். நான் பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டு, அந்தக் கால் வருகிற வரைக்கும் காத்திருந்தேன்.